உலோக வேலை அறையில் ஒரு போட் என்ஜின்

எண்பதுகளில் எங்கள் பாடசாலையில் உலோக வேலைப் பாடம் எடுத்தவர்கள், பட்டறையின் கோடியில் மரச்சட்டத்தில் பூட்டியிருந்த, போட்டின் பின்புறம் வெளியே மாட்டும் அந்த வெளியிணைப்பு இயந்திரத்தை மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை மலைநாட்டில் கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965இல் கட்டி முடித்த காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடிய ஒரு போட்டுக்குரிய, இரட்டைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் அது. தென்மேல் பருவமழைக் காலம் முழுவதும் கொட்டகையில் மூடாமல் கிடந்ததில் ஈரம் உள்ளே இறங்கியிருந்தது.

மாஸ்டர், பிஸ்டன்களின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, பிஸ்டனை அதனோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட் வந்து பொருந்தும் ‘பின்’ என்ற உருண்டைப் பகுதியின் மேல் சம இடைவெளியில் மெல்லிய பழுப்புக் கோடுகள் தெரிந்தன. ரொட்டுக்கும் பின்னுக்கும் இடையில் சுழலும் ஊசி பெயாரிங்கின் மெல்லிய உருளைகள் அசையாமல் ஈரத்தோடு நின்ற இடங்கள் அவை. நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் கிராங்கையே மாற்ற வேண்டும். வெறும் கறையென்றால் நுண்ணிய எமரித் துணியில் எண்ணெய் தோய்த்துத் தேய்த்து எடுத்துவிடலாம். எங்களுடையது கறைதான். ஆனால் உருளைகளைப் புதிதாகவே வாங்கச் சொன்னார். துருவேறிய உருளை சுழலாமல் இழுபட்டு, ரொட் நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூட்டைக் கிளப்பிவிடும்.

கொனெக்டிங் ரொட்டில் கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனையும் அதை மூடும் தொப்பியும் தனித்தனியே செய்யப்படுபவை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த வகை என்ஜினில் ரொட்டை ஒரே துண்டாகச் செய்து, பெரிய முனையை வேண்டுமென்றே உடைத்துத்தான் தொப்பியைப் பிரிக்கிறார்கள் என்பதை அன்று அறிந்தோம். உடைந்த முகத்தின் மேடுபள்ளங்கள் தன் ஜோடியோடு மட்டுமே பொருந்தும். அடுத்த ரொட்டோடு சேராது, அதே தொப்பியைத் திருப்பி வைத்தாலும் சேராது. ஆகவே கழற்றும்போதே மேல் சிலிண்டருக்குரியவற்றையும் கீழ் சிலிண்டருக்குரியவற்றையும் இரண்டு பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்தோம். அந்த முகத்தின் அருகில் அரத்தைக் கொண்டுபோனவனை மாஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார்.

பிஸ்டன்களை இறக்கி, கிராங்கை இருத்தி, உருளைகளைக் கிரீஸில் ஒட்டவைத்து அடுக்குவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். சக்கர பெயாரிங்குக்குப் போடும் கிரீஸ் இதற்கு ஆகாது. இவ்வகை என்ஜினில் பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெயில் கரைந்துபோகும் கிரீஸே வேண்டும். தொப்பியை வைத்து, புதிய போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்ட பின்னரே உண்மையான வேலை ஆரம்பமாகும். இணைப்புக் கோட்டுக்குக் குறுக்கே, ரொட்டிலிருந்து தொப்பிக்கும் தொப்பியிலிருந்து ரொட்டுக்குமாக, எல்லா மூலைகளிலும் நகத்தை ஓட்ட வேண்டும்; எங்கேனும் தடக்கினால் தொப்பியை மெல்லத் தட்டி நகர்த்தி, மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் கடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்குப் பென்சில் முனை. பிறகு, தேயிலைத் தொழிற்சாலையொன்றிலிருந்து இரவல் வாங்கிய, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டொர்க் ரென்ச்சால் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, படிப்படியாக இறுக்கி, ஒவ்வொரு படியிலும் அதே பரீட்சையைத் திரும்பச் செய்தோம். நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் ஓடும் என்ஜினில், தலைமயிர் அளவு பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் அதில் மோதும். இன்று கனடாவில் நான் வேலை செய்யும் பட்டறையில் தொப்பியை நேர்படுத்தவென்றே ஒரு கருவி இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனாலும் அதைக் கழற்றிய பிறகு நகத்தை ஓட்டாமல் நான் என்ஜினை மூடுவதில்லை.

மற்றவை விரைவில் முடிந்தன. 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பதை முதல் தாங்கிக்கு மட்டும் 25க்கு 1 ஆக்கி, தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டினோம். வகுப்பறைகள் வரை புகை போனது. காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடப் பத்திலொரு பங்கு குறைவு. கடல் மட்டத்துக்கென அமைந்த கார்புரேட்டர் ஜெட், அதாவது பெற்றோல் வரும் சிறு துளை, பெற்றோலை மிகையாகவே விடும். சிறிய ஜெட் கொழும்பிலிருந்து வந்த பிறகுதான் புகை தணிந்தது. என்ஜினை ஏற்றிச் செல்ல வந்த போட்காரர் கூலி எவ்வளவு என்று கேட்டார். மாஸ்டர் பணம் வாங்க மறுத்து, பட்டறைக்குச் சொந்தமாக ஒரு டொர்க் ரென்ச் வாங்கித் தரும்படி சொன்னார்.