கூட, காணும், காணாது: ஆங்கில ஒப்பீட்டைப் பழகிய விதம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டில், ஆங்கிலப் பாடத்தில் என் புள்ளிகளைக் குறைத்தவை கடினமான சொற்கள் அல்ல. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும் சின்னஞ்சிறு வாக்கியங்களே. தவணைப் பரீட்சையில் ‘மை பிரதர் இஸ் மோர் ஓல்டர் தான் மீ’ என்று எழுதியிருந்தேன். ‘மோர்’ என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு இருந்தது, காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை. விதிகளை மனனம் செய்தேன், அடுத்த தவணையிலும் அதே இடத்தில் தவறினேன். பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான், அது நான் பேசும் தமிழிலிருந்தே வருகிறது என்பது விளங்கியது.

‘அண்ணா என்னைவிட உயரம்’ என்று சொல்லும்போது ‘உயரம்’ என்ற சொல் சிறிதும் மாறுவதில்லை. ஒப்பீட்டை ‘விட’ என்ற சொல்லே சுமக்கிறது. ஆங்கிலத்திலோ ‘தான்’ என்ற சொல் வந்தால் மட்டும் போதாது, பெயரடையும் தன் உருவை மாற்ற வேண்டும். இதை மறந்தால் ‘ஓல்ட் தான் மீ’ என்று எழுதுவோம். நினைவில் வைத்து அஞ்சினால் இரண்டு மாற்றங்களையும் ஒருமிக்கச் செய்து ‘மோர் ஓல்டர்’ என்று எழுதுவோம். குறுகிய சொல்லுக்கு ‘அர்’ என்ற ஈறு, ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொல்லுக்கு முன்னே ‘மோர்’. இவற்றில் ஒன்று மட்டுமே வரும். ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகும்போது ‘ஜி’ எழுத்து இரட்டிப்பதையும், ‘ஹெவி’ என்பது ‘ஹெவியர்’ ஆகும்போது இறுதி ‘வை’ எழுத்து ‘ஐ’ ஆவதையும் எழுதிப் பார்த்தே பழக வேண்டும். வாயால் சொல்வதால் பயனில்லை. ‘மிகவும்’ என்று அழுத்த விரும்பினால் ‘வெரி ஓல்டர்’ என்பது பிழை, ‘மச் ஓல்டர்’ என்பதே சரி.

எனக்கு உண்மையான திருப்பம் ஏற்பட்டது எங்கள் வீட்டுக் குசினியில். அப்பம்மா ஒடியற்கூழ் காய்ச்சும்போது அகப்பையிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ‘புளி காணாது’ என்பார், அதாவது போதாது. இன்னொரு முறை, ‘உப்புக் கூடிப்போச்சு’ என்பார். கடைசியில், ‘இப்ப காணும்’ என்பார். ஆங்கில ஆசிரியர் ‘டூ’, ‘இனஃப்’, ‘நொட் இனஃப்’ என்று கரும்பலகையில் எழுதிய மூன்றும் இவைதாம் என்பதை அன்று உணர்ந்தேன். எங்கள் பேச்சில் ‘சரியான சூடு’ என்றால் அது ‘வெரி ஹொட்’. ‘சூடு கூடிப்போச்சு’ என்றால் அது ‘டூ ஹொட்’. முன்னது அளவைச் சொல்கிறது, பின்னது அளவு மீறியதால் வந்த தொல்லையைச் சொல்கிறது. தாயைப் புகழ நினைத்து ‘மை மதர் இஸ் டூ கைண்ட்’ என்று கட்டுரையில் எழுதும் பிள்ளைகள், அவருடைய அன்பு ஒரு குறை என்பதுபோல எழுதிவிடுகிறார்கள்.

‘இனஃப்’ எங்கே நிற்கும் என்பதற்கும் தமிழிலேயே வழி உண்டு. பெயரடையானால் ‘காணும்’ என்பதை நினையுங்கள்: ‘சூடு காணும்’ என்பதில் ‘காணும்’ பின்னே நிற்பதுபோல ‘ஹொட் இனஃப்’. பெயர்ச்சொல்லானால் எழுத்துத் தமிழின் ‘போதுமான’ என்பதை நினையுங்கள்: ‘போதுமான பணம்’ என்பதுபோல ‘இனஃப் மணி’. இந்த ஒரு சோடியை மனத்தில் இருத்திய பின் நான் ‘இனஃப் ஹொட்’ என்று எழுதியதில்லை.

இதைவிடக் கவனம் வேண்டிய இடம் ‘த டீ இஸ் டூ ஹொட் டு டிரிங்க்’ என்ற வகை வாக்கியம். தமிழில் ‘குடிக்க ஏலாத சூடு’ என்று எதிர்மறையை வெளிப்படையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த எதிர்மறை ‘டூ’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘கெனொட்’ என்பதைச் சேர்க்கக் கூடாது, இறுதியில் ‘இட்’ என்பதையும் சேர்க்கக் கூடாது. ஆனால் அதே கருத்தை ‘ஸோ ஹொட் தட் ஐ கெனொட் டிரிங்க் இட்’ என்று மாற்றி எழுதும்போது இரண்டும் திரும்பி வர வேண்டும். ஒரு வாக்கியத்தை இரு வடிவிலும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிப் பழகினால் இது கைவந்துவிடும். முதற் ‘டூ’வில் இரண்டு ‘ஓ’, அடுத்த ‘டு’வில் ஒன்றே என்பதையும் கவனியுங்கள், அவசரத்தில் நான் பலமுறை தவறவிட்ட எழுத்து அது.

‘மிகப் பெரியவற்றுள் ஒன்று’ என்ற அமைப்பை யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிய பந்தியொன்றில் பழகினேன். 1981 இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ‘வன் ஒஃப் த பிக்கஸ்ட் லைப்ரரி இன் ஏஷியா’ என்று ஒருமையில் எழுதியிருந்தேன். தமிழில் ‘நூலகங்களுள் ஒன்று’ என்று பன்மையிற் சொல்லும் நாம் ஆங்கிலத்தில் மட்டும் அதை ஏன் விட்டுவிடுகிறோம் என்பது இன்றும் எனக்கு வியப்பே. ‘லைப்ரரிஸ்’ என்று எழுத வேண்டும். ‘த’ என்பதையும் விடக் கூடாது.

பயிற்சிக்குப் புத்தகம் மட்டும் காணாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு என்ற மூன்று மாம்பழ வகைகளையும் விலை, பருமன், இனிப்பு ஆகியவற்றால் ஒப்பிட்டு, வீடு திரும்பியதும் கொப்பியில் ஆறு வாக்கியங்கள் எழுதுவேன். ‘அவ்வளவு இனிப்பில்லை’ என்பதற்கு ‘நொட் அஸ் ஸ்வீட் அஸ்’ என்ற அமைப்பு அப்படித்தான் படிந்தது. வரைபொன்றைத் தந்து அதைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொல்லும் வினாவுக்கு இந்தப் பழக்கம் பெரிதும் உதவும். அதில் முதலில் மிக உயர்ந்த சலாகையையும் மிகத் தாழ்ந்த சலாகையையும் எழுதுங்கள், பின்னர் அருகருகே உள்ள இரண்டை ஒப்பிடுங்கள், சமமானவை இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், ‘தான்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து, அதற்கு முன்னுள்ள பெயரடை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே விடைத்தாளைக் கட்டுங்கள்.