முன்பணி எழுதாத அட்டவணையோடு இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்தேன்

யாழ்ப்பாணத்தில் இரவுப் பேருந்து ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் அந்த அலுவலகத்தின் முன்னால் நின்றபோது, ஏ3 தாளில் நிறம் நிறமாக அச்சிட்ட வேலை அட்டவணை என் கையில் இருந்தது. வடமராட்சியில் நாங்கள் கட்டிவரும் இரண்டு மாடிச் சனசமூக நிலையத்துக்கு நிதி தருபவர்களின் அலுவலகம் அது. அச்சுப் பிரதி போதும் என்று தொலைபேசியில் சொன்ன அதே அலுவலர், வேலை அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டின் கோப்பு இல்லாமல் எதையும் பார்க்க முடியாது என்று நேரில் கையை விரித்துவிட்டார். இத்தகைய அலுவலகங்களோடு வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எந்த வடிவில் வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பின்னரே பயணச்சீட்டு எடுங்கள்.

இரண்டாம் தடவை மடிக்கணினியோடு போனேன். அங்கிருந்த பொறியியலாளர் அம்மா அதிகம் பேசவில்லை. அத்திவாரம் வெட்டும் வேலையின் தொடக்கத் திகதியை 10 நாட்கள் பின்னே தள்ளிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். அந்த வேலையைக் காட்டும் ஒரு பட்டை மட்டும் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதன் கீழே இருந்த 86 வேலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. அத்திவாரம் வெட்டி முடியுமுன்னரே தூண்களுக்குக் கொன்கிறீற் போட்டு முடிந்துவிட்டதாக என் அட்டவணை சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று இரவு கண்விழித்துச் செய்த வேலை அது. முகம் சிவந்து நின்றேன்.

பிழை எங்கே என்று வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். எந்த வேலைக்கும் முன்பணியை, அதாவது அதற்கு முந்திய வேலை எது என்பதை, நான் எழுதவே இல்லை. அதோடு, இந்த மென்பொருளில் 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிய வேலைகள் எல்லாம் இயல்பாகவே ‘மனுவல்’ முறையில்தான் உருவாகின்றன. நாம் இட்ட திகதியை அது அப்படியே வைத்திருக்கும், முன்பணி தள்ளிப்போனாலும் தானாக நகராது. எல்லாவற்றையும் ‘ஓட்டோ’ முறைக்கு மாற்றினால் தீர்ந்தது என்று எண்ணினேன்; அதன் பின்பும் பழைய பழக்கத்தில் தொடக்கத் திகதிக் கட்டத்தில் கையால் திகதி அடித்தேன். அப்படி அடிக்கும் ஒவ்வொரு திகதியும் ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடாகப் பதிந்துவிடுகிறது. முன்பணி சீக்கிரம் முடிந்தாலும் அந்த வேலை முன்னுக்கு வராது. இடப்பக்க ஓரத்தில் சிறிய நாட்காட்டிக் குறி தெரிந்தால் அங்கே ஒரு திகதி பூட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாள் போன்ற உண்மையான கெடுவை ‘டெட்லைன்’ கட்டத்தில் இடலாம்; அது எதையும் பூட்டாமல், தவறினால் மட்டும் சிவப்புக் குறி காட்டும்.

முன்பணிகளை எழுதுவது எளிது: முந்திய வேலையின் இலக்கத்தைப் ‘பிறிடிசெசர்’ நிரலில் அடித்தால் போதும். காத்திருப்பு நாட்களில்தான் நான் மறுபடியும் சறுக்கினேன். மேல்தளக் கொன்கிறீற் போட்டபின் அதைத் தாங்கும் பலகை கழற்ற 14 நாட்கள் விடவேண்டும் என்பது எங்கள் பொறியியலாளரின் கணக்கு. அதை முன்பணியின் இலக்கத்தோடு ‘+14d’ என்று இட்டேன். மென்பொருள் அதை 14 வேலை நாட்களாக எண்ணியது. சனிக்கிழமையும் வேலை செய்யும் எங்கள் நாட்காட்டியில், ஒரு சனிக்கிழமை மாலை தளம் போட்டு முடித்தால், திங்கட்கிழமை கழற்றவேண்டிய பலகை புதன்கிழமைக்குப் போனது. இடையில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் இன்னும் ஒரு நாள். அட்டவணையைப் பார்த்த எங்கள் தலைமை மேசன் ஐயாதான் அதைப் பிடித்தார்: “தம்பி, ஞாயிறு எண்டாலும் போயா எண்டாலும் கொன்கிறீற் இறுகிக்கொண்டுதானே இருக்கும். நீர் ஏன் அதுக்கு லீவு குடுக்கிறீர்?” நாள் என்பதற்கான ‘d’ எழுத்துக்கு முன்னால் ‘e’ சேர்த்து ‘+14ed’ என்று இட்டால், விடுமுறை பாராமல் தொடர்ச்சியாக எண்ணும். கொன்கிறீற் இறுகுவதற்கும் பூச்சு காய்வதற்கும் அதையே பயன்படுத்துங்கள்.

மற்றொரு பொறி, இரண்டு வேலைகளைச் சேர்ந்து ஓடவிடுவது. கீழ்த்தளத்தில் கல் கட்டத் தொடங்கி ஆறு நாட்களில் பூச்சைத் தொடங்கலாம் என்பதால் ‘ஸ்டார்ட் டு ஸ்டார்ட்’ தொடர்பு கொடுத்தேன். கல் கட்டு நீண்டபோது, சுவர் முடியுமுன்னரே பூச்சு முடிந்துவிடுவதாக அட்டவணை காட்டியது. தொடக்கத்தைத் தொடக்கத்தோடு கட்டினால், முடிவை முடிவோடும் கட்டவேண்டும். ஆனால் ஒரே சோடி வேலைகளுக்கு இடையில் இந்த மென்பொருள் ஒரு தொடர்பைத்தான் ஏற்கும். ஆகவே பூச்சை இரண்டு வேலைகளாகப் பிரித்து, கடைசி அறைகளின் பூச்சைக் கல் கட்டு முடிந்தபின் தொடங்குமாறு இணைத்தேன். தலைப்பு வரிகளை ஒன்றோடொன்று இணைக்கவே வேண்டாம். நான் இணைத்திருந்த ‘அத்திவாரம்’, ‘கீழ்த்தளம்’ என்ற தலைப்புகளால் உள்ளே இருந்த வேலைகள் காரணம் தெரியாமல் நகர்ந்தன, அதை அவிழ்க்க ஒரு முழு நாள் சென்றது.

எல்லாம் முடிந்தபின் பின்பணி (அடுத்து வரும் வேலை) இல்லாத வேலைகளைத் தேடினேன். 12 இருந்தன. அவற்றில் மின்குழாய் பதித்தலும் ஒன்று. அது எவ்வளவு தாமதித்தாலும் பூச்சு வேலைக்குத் தெரியப்போவதில்லை என்று எண்ணியபோது உள்ளூரப் பதறியது. கட்டடத்தை ஒப்படைக்கும் வரி ஒன்றைத் தவிர, வேறு எதுவும் தொங்கக்கூடாது. எல்லாவற்றையும் இணைத்த பின்னர்தான் தீர்க்கமான பாதை, அதாவது ஒரு நாள் பிந்தினாலும் முடிவுத் திகதியைத் தள்ளிவிடும் வேலைகளின் தொடர், சிவப்பில் முழுமையாக விழுந்தது: அத்திவாரம், தூண், மேல்தளம், கூரை. ஐப்பசி மழைக்கு முன் அத்திவாரத்தை முடித்தாகவேண்டும், இல்லையேல் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பும் என்று நாங்கள் வாயால் சொல்லிவந்தது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிலையை, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலத் திட்டமாக, உடனே ‘பேஸ்லைன்’ ஆகச் சேமித்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை போகத் தேவை வரவில்லை. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன், இரண்டு நாட்களில் ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பலன் பூச்சு வேலையின்போது கிடைத்தது. மணல் ஏற்றும் அனுமதிப்பத்திரம், எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு காரணத்தால், 9 நாட்கள் தாமதமானது. எங்கள் முதலாளி 9 நாட்களும் கால நீடிப்புக் கேட்கச் சொன்னார். நான் தாமதத்தை அட்டவணையில் பதிந்தேன். பூச்சுக்கு 5 நாட்கள் தளர்வு (முடிவுத் திகதியைப் பாதிக்காமல் பிந்தக்கூடிய நாட்கள்) இருந்ததால் முடிவுத் திகதி 4 நாட்கள் மட்டுமே நகர்ந்தது. பேஸ்லைனையும் புதிய திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 4 நாட்கள் மட்டும் கேட்டு எழுதினேன். அன்று என் முன்னால் திரையைத் திருப்பிய அதே அம்மா, கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் அன்று மாலையே அனுமதி அனுப்பினார்.