பருவுக்கு மாத்திரை போட்ட மூன்று மாதம்

போன புதன்கிழமை பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். வரிசையில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கி, "டீச்சர், நான் நிழல்ல உட்கார்ந்துக்கட்டுமா? மூஞ்சி எரியுது" என்றாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூக்கும் இரண்டு கன்னமும் நெருப்பில் காட்டினதுபோல் சிவந்திருந்தன. கையைத் திருப்பிப் பார்த்தால் புறங்கையும் அப்படியே. சட்டைக் கை மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. எனக்கு உடனே பொறி தட்டியது. "ஏதாவது மாத்திரை போடுறியா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் வகுப்புக்குப் போய்ப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து காட்டினாள். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், ஒரு ஆன்டிபயாடிக். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மிச்சமானதாம். பருவுக்கு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்தாளாம்.

அதே மாத்திரையை இரண்டு வருடம் முன்னால் நானும் பருவுக்காக மூன்று மாதம் போட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் போட்டேன். அப்படியும் மூன்று இடத்தில் தப்பு செய்தேன். அந்தப் பிள்ளையிடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எங்கள் பள்ளியில் மட்டும் அல்ல, எல்லா ஊரிலும் இப்படி மிச்ச மாத்திரையைப் போடுகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

எனக்குப் பரு வந்தது 27 வயதில். நெற்றியில் இல்லை. தாடையிலும் கழுத்தோரத்திலும் முதுகிலும், உள்ளே கட்டியாக, தொட்டாலே வலிக்கிற மாதிரி. விசில் கயிறு கழுத்தில் உரசும் இடத்தில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். விருதுநகர் வெயிலில் நாள் முழுக்க மைதானத்தில் நிற்கிறவள், அதனால் வேர்வைதான் காரணம், அழுக்குதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் காய்ந்து வெடித்ததுதான் மிச்சம்.

கடைசியில் மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகள்தான் கேட்டார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முடி கொட்டுகிறதா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, அப்படி ஏதும் எண்ணம் இருக்கிறதா. பருவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. தாடைப் பக்கம் விடாமல் வரும் பருவுக்குப் பின்னால் ஹார்மோன் கோளாறு இருக்கலாம் என்பது ஒன்று. டாக்சிசைக்ளின் வகை மருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. வயிற்றிலிருக்கும் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் அது போய்ப் படியும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் பருவுக்கென்று கொடுக்கவே மாட்டார்கள், முளைக்கிற பல்லில் கறை நிரந்தரமாக நின்றுவிடும்.

சீட்டில் எழுதியது இதுதான்: காலையில் சாப்பிட்டபின் டாக்சிசைக்ளின் 100 ஒன்று. பென்சாயில் பெராக்சைடு ஜெல் காலையில். அடாபலீன் ஜெல் இரவில், பட்டாணி அளவு. 6 வாரம் கழித்து வரவும். 'மாத்திரை மட்டும் போதாதா டாக்டர்' என்று கேட்டேன். பருவில் இருக்கும் பாக்டீரியா எல்லார் தோலிலும் இருப்பதுதான், அழுக்கால் வருவது இல்லை என்றார். ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுத்தால் அந்தப் பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பென்சாயில் பெராக்சைடுக்கு அந்தப் பாக்டீரியாவால் பழக முடியாது. அதனால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். அப்புறம், மாத்திரை பாக்டீரியாவை அடக்குவதோடு வீக்கத்தையும் குறைக்கும், அதற்கே ஆறு எட்டு வாரம் பிடிக்கும், இரண்டாவது வாரமே கண்ணாடியைப் பார்த்து ஏங்காதீர்கள் என்றார். (பென்சாயில் பெராக்சைடு ஜெல் துணியை வெளுக்க வைக்கும். என் மெரூன் தலையணை உறையில் இன்னும் வெள்ளைத் திட்டு இருக்கிறது. வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் தப்பு பத்தாம் நாள் நடந்தது. குறுவட்டப் போட்டி முடிந்து, பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது இரவு பத்தே முக்கால். காலையில் மாத்திரை போட மறந்தது படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. லைட்டைக்கூடப் போடவில்லை. கட்டில் பக்கத்தில் இருந்த பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர், கூடவே கேப்சூல், அப்படியே சாய்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சுக்கு நடுவில் ஆணி அடித்த மாதிரி வலி. எச்சில் விழுங்கினாலும் அந்த ஒரு இடத்தில் வந்து குத்தியது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அது இறங்கும் வழியை முழுக்க என்னால் உணர முடிந்தது, அந்த இடம் வந்ததும் உயிர் போனது. அப்பா மாரடைப்பு என்றே நினைத்து ஆட்டோவுக்குப் போன் செய்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அங்கே பணியில் இருந்த டாக்டரம்மா என்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக, "எப்படிம்மா விழுங்குனீங்க?" என்றார்.

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேப்சூலின் மேல் உறை ஈரம் பட்டதும் பிசின் மாதிரி ஒட்டும். தண்ணீர் போதாமல், உடனே படுத்தும்விட்டால் அது வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கரையும். டாக்சிசைக்ளின் கரைந்தால் அமிலத்தன்மை. அது அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். இந்த மருந்தில் இது அடிக்கடி பார்க்கிற விஷயம் என்றார். நான்கு நாளைக்குச் சாப்பாடு, ஆற வைத்த கஞ்சிதான். புண்ணுக்கு வேறு மருந்து கொடுத்து, டாக்சிசைக்ளினை ஆறும்வரை நிறுத்தச் சொன்னார்கள்.

மறுபடி ஆரம்பித்தபோது வழி மாறியது. இட்லி சாப்பிட்டு முடித்து, நின்றுகொண்டு, முதலில் இரண்டு வாய் தண்ணீர், அப்புறம் கேப்சூல், அதற்கு மேல் பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். அதன்பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் படுக்கக் கூடாது, முடிந்தால் ஒரு மணி நேரம். காலையில் மறந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். படுக்கும் நேரத்தில்தான் ஞாபகம் வருகிறதென்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான், மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடு கட்டக் கூடாது.

இரண்டாவது தப்பு வெயில். இந்த மருந்து போடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது என்று மதுரை டாக்டர் சொல்லித்தான் இருந்தார். நான் வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிறவள், எனக்கு என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை 9 மணியிலிருந்து 11 வரை நீளம் தாண்டுதல் பயிற்சி. மதியம் கை கழுவும்போது புறங்கையில் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரிந்தது. மறுநாள் மூக்கில் தோல் உரிந்தது. அதற்குப் பிறகுதான் முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, வெளியே போவதற்கு முன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். தலைமை ஆசிரியையிடம் கேட்டுப் பயிற்சியைக் காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்குப் பிறகும் மாற்றினேன். அது பிள்ளைகளுக்கும் நல்லதாகவே போயிற்று.

மூன்றாவதை நான் தப்பு என்றே நினைக்கவில்லை. எனக்கு ரத்தசோகை உண்டு. அம்மா தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் இரும்புச்சத்து மாத்திரையையும் கேப்சூலையும் சேர்த்து வைத்துவிடுவார், மறக்கக் கூடாதே என்கிற அக்கறையில். இரண்டையும் ஒன்றாக விழுங்குவேன். 6 வாரம் கழித்து டாக்டர் பார்த்துவிட்டு, எதிர்பார்த்த அளவு குறையவில்லையே என்று யோசித்தார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" இரும்புச்சத்து என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பும் டாக்சிசைக்ளினும் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரண்டும் ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். கால்சியம் மாத்திரை, துத்தநாக மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல் எல்லாமே இதே வேலையைச் செய்யும். பாலோடும் போடாமல் இருப்பது நல்லது. இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினார். எனக்கு அந்த ஆறு வாரத்தை நினைத்து மனசு ஆறவில்லை. தோலும் சரியாகவில்லை, ரத்தமும் ஏறவில்லை.

பள்ளியில் வாரம் ஒரு முறை பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். நான் முன்னால் நின்று போட வைப்பேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை, நம் பெண் பிள்ளைகளுக்கு அது ரொம்பத் தேவை. டாக்டர் பருவுக்கு இந்த மருந்து கொடுத்திருந்தால் வகுப்பு டீச்சரிடம் சொல்லி நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. இரண்டாம் மாதம் எனக்கு அரிப்போடு வெள்ளைப்படுதல் வந்தது. ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் குறைத்துவிடுவதால் பூஞ்சை கிளம்புவது உண்டு. வெட்கப்பட்டுப் பத்து நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்ன அன்றைக்கே மருந்து கிடைத்தது, நாலு நாளில் சரியானது. இதற்கெல்லாம் பதறத் தேவை இல்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, உடம்பில் தடிப்பு வந்து முகம் வீங்கினாலோ, நிற்காத வயிற்றுப்போக்கு வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் என்று பருவுக்கு இன்னொரு மாத்திரை இருக்கிறது. அதையும் டாக்சிசைக்ளினையும் சேர்த்துப் போடவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும். இரண்டு டாக்டரிடம் மாறி மாறிப் போகிறவர்கள் பழைய சீட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஜெல்கள் மட்டும் தொடர வேண்டும். முகம் நன்றாகவே தெளிந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து, சித்தி மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தாடையில் இரண்டு கட்டி கிளம்பியது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். தேதியைக்கூடப் பார்க்காமல் இரண்டு அட்டை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. மூன்று மாதம் தினமும் கையில் எடுத்த அட்டைதான், ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கோட்டை நின்று பார்த்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 2016இல் மத்திய சுகாதாரத் துறை இதற்கென்றே பிரசாரம் செய்தது. எனக்கு அப்போது சித்தப்பா ஞாபகம் வந்தார். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பில் வேலை பார்க்கிறவர். ஒரு கார்த்திகையில் உண்ணிக் காய்ச்சல் வந்து நினைவே தப்பிப்போனது. அக்குளில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவரை எழுப்பி உட்கார வைத்த மருந்து இதே டாக்சிசைக்ளின். அப்படிப்பட்ட மருந்தைக் கல்யாண போட்டோவுக்காக நானாக வாங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. டாக்டருக்குப் போன் செய்தேன். வேண்டாம், ஜெல்லை ஒழுங்காகப் போடுங்கள், வந்து காட்டுங்கள் என்றார். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாண போட்டோவில் அந்த இரண்டு கட்டியும் தெரியும்.

அந்தப் பெண்ணின் அட்டைக்கு வருகிறேன். அதில் தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காலாவதியான டெட்ராசைக்ளின் வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகி இருக்கின்றன. டாக்சிசைக்ளினும் அந்த வகைதான். அட்டையை நான் வாங்கி வைத்துக்கொண்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். திட்டாதீர்கள் என்று முதலில் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனார்கள், சீட்டு போட்டுக் காட்டியதில் செலவு பஸ் காசு மட்டும்தான். அவளுக்கு மாத்திரையே தேவை இல்லை, ஜெல் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நேற்று மைதானத்தில் என்னிடம் வந்து, "டீச்சர், தழும்பு போயிடுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கருப்பாக நிற்கிற தடம் சில மாதத்தில் மங்கும், வெயிலில் முகத்தைக் காட்டாமல் இருந்தால் சீக்கிரம் மங்கும். குழி விழுந்தது தானாக நிரம்பாது, அதனால் கிள்ளக் கூடாது. கிள்ள வேண்டும்போல் இருந்தால் என்ன செய்வது என்றாள். என் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, கையில் ரிலே கட்டையைக் கொடுத்து, இரண்டு சுற்று ஓடிவிட்டு வா என்று அனுப்பினேன். மணி நாலே முக்கால், வெயில் தாழ்ந்திருந்தது.