ஊசி குத்திடுச்சுனா மறைக்காதீங்க, வந்து சொல்றவங்கள திட்டாதீங்க

இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கிளாஸ்னாலே ஹாஸ்பிடல் ஸ்டாஃப் எல்லாருக்கும் கை கழுவுறதுதான் ஞாபகம் வரும். சுவத்துல ஒட்டியிருக்கிற ஸ்டெப் போஸ்டர், பெட்டுக்கு பெட்டு தொங்குற ஹேண்ட் ரப் பாட்டில், எல்லாம் வேணும்தான், குறை சொல்லல. ஆனா அதே கிளாஸ்ல கடைசியா, எல்லாரும் டீக்கு எந்திரிக்கிற நேரத்துல, அவசர அவசரமா சொல்லி முடிக்கிற ஒண்ணு இருக்கு, நீடில் ஸ்டிக், அதாவது பேஷண்ட்டுக்கு போட்ட ஊசி ஸ்டாஃபையே குத்திடுறது. நான் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ், என்னைக் கேட்டா கிளாஸையே அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

கை கழுவணுங்கிற ரூல் வந்த கதைலயே இது இருக்கு. 1847ல வியன்னா ஆஸ்பத்திரில கொலெட்ச்கானு ஒரு டாக்டர், போஸ்ட்மார்ட்டம் பண்ணும்போது ஸ்டூடெண்ட் கைல இருந்த கத்தி பட்டு காயமாகி அந்த காயத்துலயே இறந்துட்டார், அவரோட நண்பர் செம்மல்வைஸ் அவரோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட பாத்துட்டு, அடடா நம்ம பிரசவ வார்டுல அம்மாக்கள் ஜுரம் வந்து சாகுறாங்களே அதே மாதிரி இருக்கேனு யோசிச்சாரு. அதுக்கப்புறம்தான் பிணவறைல இருந்து வர்றவங்க குளோரின் தண்ணில கை கழுவிட்டுத்தான் வார்டுக்குள்ள வரணும்னு சொன்னாரு. பேஷண்ட்ட காப்பாத்துற ரூல் பிறந்ததே ஒரு ஸ்டாஃபுக்கு பட்ட காயத்துல இருந்துதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். ஞாபகம் வச்சுக்க ஈஸியா 30, 3, 0.3னு சொல்லித் தருவாங்க. ஹெபடைடிஸ் பி இருக்கிற பேஷண்டோட ஊசி, தடுப்பூசி போடாதவங்கள குத்துனா தொத்துறதுக்கு 30 சதவீதம் வரைக்கும் வாய்ப்பு, ஹெபடைடிஸ் சி 3 சதவீதம், இப்ப வர்ற கணக்கெல்லாம் அதவிட கம்மியாத்தான் சொல்லுது, எச்ஐவி 0.3, அதாவது ஆயிரத்துல 3. ஆனா குத்து வாங்குனவங்க எல்லாரும் பயந்து அழறது எச்ஐவிய நெனச்சுத்தான். பி பத்தி கேட்டா "மஞ்சக்காமாலைதானே சிஸ்டர், கீழாநெல்லி குடிச்சா போயிடும்"னு சொல்லுவாங்க. போகாதுங்க. அந்த வைரஸ் காஞ்சு போன ரத்தத்துலயே ஒரு வாரம் உயிரோட இருக்கும், உடம்புல தங்கிடுச்சுனா வருஷக்கணக்குல சத்தமே இல்லாம ஈரல கெடுக்கும்.

யாருக்கு குத்துதுன்னு பாருங்க. ஊசி போட்ட நர்ஸுக்கு குத்துது, ட்ரெய்னிங் வர்ற பிள்ளைங்களுக்கு குத்துது, ஆனா எனக்கு ரொம்ப வலிக்கிறது ஹவுஸ்கீப்பிங் அக்காங்களுக்கு குத்துறதுதான், ஏன்னா அந்த ஊசிய அவங்க தொடவே இல்ல, யாரோ அவசரத்துல வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த கைல சொருகுற குழாய்) போட்டுட்டு உள்ள இருந்து உருவுன ஊசிய பஞ்சோட சுருட்டி மஞ்ச குப்பை கவர்ல போட்டுட்டுப் போயிருப்பாங்க, இவங்க கவர கட்டி தூக்கும்போது தொடையில ஏறும். அப்படி ஒரு அக்கா சேலைல ரத்தத்த தொடச்சுட்டு ஷிஃப்ட் முடியுற வரைக்கும் வாயே தொறக்கல. ஏன்க்கா சொல்லலனு கேட்டதுக்கு, "சூப்பர்வைசர் கண்ணு தெரியலையா உனக்குனு கத்துவாரும்மா, நாளைக்கு வேலைக்கு வேணாம்னுட்டா என்ன பண்றது"ன்னாங்க. அன்னைல இருந்து யாராவது ஊசி குத்துனதுன்னு வந்தா நான் முதல்ல கேக்குற கேள்வி, அந்த ஊசி அங்க எப்படி வந்துச்சுங்கிறதுதான், நீ ஏன் பாத்து எடுக்கலங்கிறது இல்ல.

ஊசி எப்படி அங்க வருதுன்னா, பெரும்பாலும் இதுதான்: யூஸ் பண்ணுன ஊசிக்கு மூடி போடுறது (போடவே கூடாது), சுகர் செக் பண்ண விரல்ல குத்துன லான்செட்ட (குட்டி ஊசிய) கிட்னி ட்ரேலயே விட்டுட்டுப் போறது, ஊசி போடுற வெள்ளை டப்பா முக்கால்வாசி நெறஞ்சும் மாத்தாம மேலயே அமுக்குறது. டப்பா பெட்டு பக்கத்துல இல்லாம நர்ஸிங் ஸ்டேஷன்ல இருந்தா ஊசிய கைல பிடிச்சுக்கிட்டே வார்டு முழுக்க நடக்கணும், வழில ஒரு அட்டெண்டர் இடிச்சா போச்சு. ஊசி எல்லாம் வெள்ளை டப்பா, ஊசி கழட்டுன சிரிஞ்சு, ஐவி செட் எல்லாம் சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், கண்ணாடி மருந்து பாட்டில் நீலம், இது தெரியாத ஸ்டாஃப் யாருமில்ல. தெரிஞ்சும் தப்பு நடக்குதுன்னா ஒரு நர்ஸ் தலைல எத்தனை பேஷண்ட்ட கட்டியிருக்காங்கனு மேனேஜ்மென்ட் முதல்ல பாக்கணும்.

குத்திடுச்சா, உடனே ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க. பிதுக்காதீங்க, வாய்ல வச்சு உறியாதீங்க, ஸ்பிரிட் பிளீச்சிங்னு எதையும் ஊத்தாதீங்க. கண்ணுல ரத்தம் தெறிச்சா வெறும் தண்ணி போதும், நல்லா கழுவணும். கழுவுன கையோட கேஷுவால்டி. டியூட்டி டாக்டர் பேஷண்ட் ஃபைல பாப்பாரு, பேஷண்ட்கிட்ட சம்மதம் வாங்கி டெஸ்ட் எடுப்பாங்க, உங்களுக்கும் எடுப்பாங்க. எச்ஐவி தொத்தாம தடுக்குற மாத்திரை தேவைன்னு டாக்டர் சொன்னா முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள்ள போட்டா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல, மொத்தம் 28 நாள் விடாம போடணும். வாந்தி, தலைவலி வருதுன்னு பாதில நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அக்கா மாதிரி ஷிஃப்ட் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தா அந்த 2 மணி நேரம் போயே போச்சு.

ஹெபடைடிஸ் பிக்கு தடுப்பூசி இருக்கு, 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ். மூணாவது போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர், அதாவது ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட், பாக்கணும், 10க்கு மேல இருந்தாத்தான் பாதுகாப்புனு அர்த்தம், இத நெறைய பேரு பாக்குறதே இல்ல. தடுப்பூசியே போடாதவங்கள ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் பேஷண்டோட ஊசி குத்துனா இம்யூனோகுளோபுலின்னு ரெடிமேட் எதிர்ப்பு சக்தி ஊசி வேற போடணும், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள, அது விலையும் அதிகம். 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் (ஆஸ்பத்திரி கழிவு) ரூல்ஸ்லயே, வேஸ்ட்ட கையாளுற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி ஆஸ்பத்திரிதான் போடணும்னு இருக்கு. எல்லாருக்கும்னா காண்ட்ராக்ட்ல வர்றவங்களுக்கும் சேத்துத்தான். ஏஜென்சி பாத்துக்கும்னு கைய விரிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும், ஏஜென்சி ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, முதல் டோஸ் போட்டவங்க ஆறாவது மாசம் வேற எங்கயோ இருப்பாங்க. அதனால கார்டு அவங்கவங்க கைலயே குடுத்துடுங்க, எங்க போனாலும் அடுத்த டோஸ் அங்க போட்டுக்கலாம்.

இன்னொண்ணு, நைட் டியூட்டி பாக்குறவங்களுக்கு. ராத்திரி 2 மணிக்கு குத்துனா அந்த எச்ஐவி மாத்திரை எங்க இருக்கு, பீரோ சாவி யாருகிட்ட இருக்கு, யாருக்கு போன் பண்ணணும், இத இன்னைக்கே உங்க இன்சார்ஜ்கிட்ட கேட்டு வார்டு போன் பக்கத்துல தமிழ்ல எழுதி ஒட்டிடுங்க, அக்காங்களும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல.