காரியத்துக்கு முன்னாலேயே இறப்பைப் பதிந்துவிடுங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். பாலிசி போட்டவர் தவறிவிட்டார் என்று தகவல் வந்தால் மாலை வாங்கிக்கொண்டு போவேன். அன்றைக்குப் பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். கிளம்பும்போது மட்டும் மருமகனையோ பங்காளியையோ பந்தலுக்கு வெளியே கூப்பிட்டு, "பதிவுக்கு யார் போறது?" என்று கேட்பேன். மூன்றாம் நாள் பாலுக்கு ஆள் இருக்கும், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரர்கூடச் சொல்லியாகியிருக்கும். இறப்பைப் பதிவதற்கு மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். "நீங்கதான் மாப்ளே போகணும்" என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டு வந்தால்தான் அது நடக்கும்.

பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. இறந்த 21 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்ததும் தகவல் கொடுத்தவருக்குச் சான்றிதழை இலவசமாகவே தர வேண்டும். 2023-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அதற்கு ஏழு நாள் என்று கெடுவும் வைத்திருக்கிறார்கள். 21 நாளைத் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதையும் தாண்டி ஒரு வருடம் வரை என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ஒரு வருடம் கடந்துவிட்டால் ஆர்டிஓ ஆபீஸ், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். காசு பெரிதாகப் போகாது, அலைச்சல்தான் ஆளைக் கொல்லும். காரியம் முடிவதற்குள் பதிந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பதினாறாம் நாள் எப்படியும் 21-க்குள் வந்துவிடும், யாரும் நாள் எண்ண வேண்டியதில்லை.

எங்கே பதிவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். உயிர் எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்து அலுவலகத்தில்தான் பதிவாகும். சொந்த ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே, எங்கே அடக்கம் பண்ணினோம் என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. காளையார்கோவில் பக்கம் ஒரு பெரியவர் மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்தார். ஊருக்குக் கொண்டுவந்து எடுத்தார்கள். பிள்ளைகள் உள்ளூர் விஏஓவைப் போய்ப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர், உட்காரவைத்து, "இது என் பதிவேட்டில் வராது, மதுரையில்தான்" என்று விளக்கி அனுப்பினார். கிராமத்தில் வீட்டிலேயே இறந்தால் விஏஓ. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. போகிற வழியில் வண்டியிலேயே உயிர் போய்விட்டால், வண்டி முதலில் நிற்கிற இடம்தான் பதிவுக்கு உரிய இடம் என்று விதி சொல்கிறது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் அனுப்ப வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அதை நம்பி வீட்டுக்காரர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள், நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் அனுப்பும் படிவத்தில் பெயர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நடுராத்திரி அட்மிஷன் போடும்போது கூட வந்தவர் பதற்றத்தில் சொன்ன பெயர் அது. வீட்டில் ராசு, ஆதாரில் ராஜேந்திரன், பாலிசியில் ராஜேந்திரனுக்கு முன்னால் ஓர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் அந்த இனிஷியல் பின்னால். கூட வந்த மச்சான் "ராசு" என்று சொல்லியிருந்தால் சான்றிதழிலும் ராசுதான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு விதவை எத்தனை கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அதனால் உடலை வாங்கும்போதே யாராவது ஒருவர் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இறப்பு அறிக்கையில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தாயார் பெயர், தேதி, முகவரி. தமிழில் எழுதியதையும் இங்கிலீஷில் எழுதியதையும் தனித்தனியாகப் பாருங்கள். தமிழில் சரியாக இருந்து இங்கிலீஷில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், பேங்கில் இருப்பவர் இங்கிலீஷைத்தான் பார்ப்பார். பதிவான பிறகும் திருத்தலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் கொடுத்து, பதிவாளர் திருப்தியாகி, பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பு எழுதித்தான் செய்வார்கள். பதிவதற்கு முன்னால் என்றால் பேனாவால் ஒரு கோடு, முடிந்தது.

இப்போது சான்றிதழுக்காகத் திரும்பத் திரும்ப ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை. சிஆர்எஸ்டிஎன் டாட் ஓஆர்ஜி என்ற அரசு இணையதளத்தில் விவரம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். க்யூஆர் குறியீட்டோடு வரும், எத்தனை பிரதி வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒரே ஒரு காகிதத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அது கசங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஆபீசிலும் தரத் தயங்கி நின்றார். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பத்து பிரதி எடுத்துக் கொடுத்ததும் அந்த முகத்தில் வந்த தெளிவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிரதி எடுத்த கையோடு, இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கி, அதில் 436 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார் என்று பொருள். எப்படி இறந்திருந்தாலும் இரண்டு லட்சம் ரூபாய்க்கான திட்டம் அது, 55 வயது வரை. 20 ரூபாய் கழிந்திருந்தால் விபத்துக் காப்பீடு. இரண்டும் நான் விற்பவை இல்லை, எனக்கு இதில் ஒரு பைசா கமிஷன் கிடையாது. பேங்கில் கணக்கு தொடங்கும்போது எங்கோ கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பணம் யாரும் கேட்காமலே கிடப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். மகனைத் தூக்கில் பறிகொடுத்த ஒரு தாய் பதிவுக்கே போகமாட்டேன் என்று இருந்தார். சொந்தக்காரர்கள் சலிப்பாகப் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே, "அந்தச் சீட்டுல எப்படிச் செத்தான்னு எழுதுவாங்களாப்பா?" என்றார். அவருக்கு இன்னொரு மகள் இருக்கிறாள், கல்யாண வயது. எழுதமாட்டார்கள் அம்மா என்று சொன்னேன். இது ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. சான்றிதழில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, 17-வது பிரிவு. டாக்டர் எழுதிக்கொடுக்கும் காரணம் அரசின் புள்ளிவிவரத்துக்குப் போகும், இறப்புச் சான்றிதழில் இருக்காது. பேர், நாள், இடம், முகவரி மாதிரி விவரம்தான் இருக்கும் என்று வேறொருவருடைய சான்றிதழை மொபைலில் காட்டினேன். மறுநாள் அவரே கிளம்பிவிட்டார். இந்த ஒரு பயத்தினாலேயே பதியாமல் விட்ட வீடுகள் இன்னும் இருக்கும். உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கடைசியாகப் பழைய சாவுகள். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் இறந்த அப்பத்தா பெயரில் பட்டா இருக்கும். பேரன்கள் பிரித்துக்கொள்ள நினைக்கும்போதுதான் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பதிவே இல்லை என்று முதலிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தலையாரி தாமாகவே கேட்டுப் போய்ச் சொல்லிப் பதிவான ஊர்கள் உண்டு. கிராமத்துப் பழைய பதிவேடுகள் தாலுகா ஆபீசிலோ சார் பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். தேடச் சொல்லி மனு கொடுங்கள். தேதி நினைவில்லை என்றால் அந்த வருடம் என்ன நடந்தது என்று வீட்டுக் கிழவிகளைக் கேளுங்கள். "பெரியவ சடங்கான வருஷம், மழை இல்லை" என்பார்கள், அதிலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் பிடித்துவிடலாம். அப்படியும் கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்று அவர்களிடமே எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டிஓவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. அப்பத்தாவை அடக்கம் பண்ணியபோது கூட நின்ற இரண்டு பெரியவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள், ஒருவருக்கு எண்பதுக்கு மேல், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். விசாரணை முடிந்து கோப்பு ஆர்டிஓ மேசைக்குப் போயிருக்கிறது. உத்தரவு வந்ததும் விஏஓவிடம் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், அதற்கப்புறம்தான் பட்டா.