ஃபெரிட்டின் நார்மல் என்ற ஒரு வரியால் போன மூன்று மாதம்

அம்மாவுக்கு வயது 61. இருபது வருஷத்துச் சர்க்கரை, கிட்னி நாலாவது ஸ்டேஜ், டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மொட்டை மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஹீமோகுளோபின் பார்த்தோம்: 8.4. கூடவே உடம்பில் சேமிப்பிலிருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எடுத்தார்கள்: 240. "இரும்புச் சத்து நல்லாத்தான் இருக்கு. இது கிட்னியால வர்ற ரத்தசோகை, ஊசி போட்டா ஏறிரும்" என்றார் கோவில்பட்டியில் நாங்கள் காட்டிய டாக்டர். எதற்கும் இருக்கட்டும் என்று அயர்ன் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வாரம் ஒரு எரித்ரோபோயட்டின் ஊசி, ரத்த அணு உற்பத்தியைத் தூண்டுவதற்கு. சின்னச் செலவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8.5. ஊசியின் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், அப்போதும் அசையவில்லை. ரத்தம் ஏற்றிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. பின்னால் மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டி வந்தால், முன்பு ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) உருவாகிப் பொருத்தமான கிட்னி கிடைப்பதே சிரமமாகலாமாம். அதனால் அவசரமில்லை என்றால் தவிர்க்கத்தான் பார்ப்பார்களாம்.

திருநெல்வேலியில் ஒரு கிட்னி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "பச்சரிசி, சாம்பல், ஐஸ் இப்படி ஏதாவது வாயில போட்டுக்கணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அரிசி புடைக்கும்போது ஒரு கை அள்ளி மென்றுகொண்டே இருப்பாள்; நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

பிறகு காலைப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். "இது இருக்கையில ஃபெரிட்டினை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா" என்று விளக்கினார். உடம்பில் எங்கே புண், அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, இருக்கிற இரும்பையும் வெளியே விடாமல் பூட்டி வைத்துவிடும். கிட்னி நோயில் அந்த ஹெப்சிடின் இன்னும் கூடுதல். ஊசி எலும்பு மஜ்ஜையைப் பார்த்து "ரத்த அணு செய்" என்று சொல்லும், செய்வதற்குச் சரக்கு இருக்காது. டயாலிசிஸ் இல்லாத கிட்னி நோயாளிக்கு ஃபெரிட்டின் 100க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு நிச்சயம். மேலே இருந்தால் குறைவில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அந்த ஒரு எண்ணுக்காக லேபுக்கு மூன்று முறை அலைந்தேன். முதல் நாள் அம்மா வழக்கம்போல விடிந்ததும் அயர்ன் மாத்திரையைப் போட்டுவிட்டாள். ரத்தத்து இரும்பு பொய்யாக ஏறிக் காட்டும் என்று டாக்டர் அந்த ரிப்போர்ட்டைத் தள்ளிவிட்டார். டெஸ்டுக்கு முந்தின நாளே மாத்திரையை நிறுத்திவிடுங்கள், காலையில் வெறும் வயிற்றில் போங்கள். இரண்டாம் முறை சீரம் அயர்னும் ஃபெரிட்டினும் மட்டும் வந்தது, டிஐபிசி (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) இல்லை. கேட்டால், கவுன்டரில் இருந்த பெண் "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றாள். ஒன்றே இல்லை. சீரம் அயர்னை டிஐபிசியால் வகுத்து நூறால் பெருக்கினால்தான் சாச்சுரேஷன் வரும். பில் போடும்போதே சீரம் அயர்ன், டிஐபிசி, ஃபெரிட்டின் என்று மூன்று பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 'அயர்ன் டெஸ்ட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று, ரத்தம் எடுக்கிறவர்கள் பழக்கத்தில் முழங்கைப் பக்கம்தான் ஊசியைக் கொண்டு வருவார்கள். கிட்னி நோயாளிக்குப் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட முழங்கைப் பக்கத்து ரத்தக் குழாய்கள் வேண்டும். நான் சொன்னதற்கு அந்தத் தம்பி முகத்தைச் சுளித்தான், ஆனாலும் புறங்கையில்தான் எடுத்தான்.

மூன்றாம் ரிப்போர்ட் வந்தது. அயர்ன் 32, டிஐபிசி 248. லேப் வாசலில் நின்றே போனில் வகுத்துப் பார்த்தேன். 12.9 சதவீதம். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அத்தனை ஊசியும் சரக்கில்லாத அடுப்பில் ஊதிய காற்று.

உடனே சிகிச்சை ஆரம்பிக்கவும் முடியவில்லை. கால் புண் போலத் தொற்று இருக்கும்போது ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்ற மாட்டார்களாம். புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதற்குள் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மலத்தைப் பரிசோதித்தோம், ஒன்றுமில்லை. ரத்தம் ஊறத் தேவையான பி12, ஃபோலேட் சத்துகளும் சரியாக இருந்தன. பிறகு அயர்ன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம் வீதம் ஐந்து தடவை ஏற்றினார்கள், சிக்கல் ஏதும் வரவில்லை.

இப்போது அதே ஊசிதான், ஹீமோகுளோபின் 10.3. போன வாரம் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாள், எங்கும் உட்காராமல். அரிசி புடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு மணிகூட வாய்க்குப் போகவில்லை. அடுத்த டெஸ்டுக்கான சீட்டில் மூன்று பெயரையும் டாக்டரையே தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.