ஜூன் கணக்கு

ஜூன் 7, 2025, சனி

டொரன்டோ மச்சாள் கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கப் போகிறாளாம். தனியாகப் போனால் விலையைக் கூட்டிச் சொல்வார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்த்து யார் விலையைக் குறைப்பார்களோ தெரியாது. பதினான்காம் மாடி, எட்டரைக் கோடி. அவள் அதை டொலரால் பிரித்துப் பார்த்தாள், நான் எங்கள் வாடகையால் பிரித்துப் பார்த்தேன். நூற்றொன்பது வருசம் வந்தது.

ஆனால் அந்தக் குளியலறை! கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு பாத்டப். மச்சாளும் விற்கிற பிள்ளையும் பல்கனிக்குப் போன நேரம் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு சாய்வு. கால் இரண்டையும் நீட்ட முடிந்தது. கடைசியாக எப்போது இப்படிக் கால் நீட்டினேன் என்று யோசித்துக்கொண்டிருக்க அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். "அன்ட்டி, தண்ணி இன்னும் கனெக்ட் பண்ணேல்ல" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

கீழ் வீட்டிலிருந்து ஹஜ் பெருநாள் வட்டலப்பம் வந்திருந்தது. பிள்ளைகள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பாத்டப் நிரம்ப எத்தனை லீட்டர் வேண்டும் என்று இவரிடம் கேட்டேன். "எங்கட டாங்கியே ஐந்நூறு" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்கார அங்கிள் மேலே வந்து தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, சின்னவனின் தலையைத் தடவிவிட்டு, படியிறங்கும்போது சொன்னார், ஜூலையிலிருந்து வாடகை எண்பதாயிரமாம். அறுபத்தைந்திலிருந்து ஒரே பாய்ச்சலாக. அதுவும் ஆறு மாதத்துக்கு அட்வான்ஸ். ஸ்கூல் வான்காரர் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் கூட்டிவிட்டார். மூத்தவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், கரும்பலகை தெரியவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லவே இல்லை, காசு செலவாகும் என்றுதான் சொல்லவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. தேங்காய் இருநூறு. அதுவும் கைக்குள் அடங்குகிற தேங்காய்.

சரி, சீட்டு இருக்கிறது. எடுக்காதவர்கள் இரண்டே பேர், நானும் தையல்கார அக்காவும். இரண்டு லட்சம். அதை இதுவரை ஐந்து விதமாகச் செலவழித்துப் பார்த்துவிட்டேன். ஐந்திலும் முடிவில் குறைகிறது.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

காலி வீதியில் ஐஸ்கிரீம் தன்சல், எல்லோருக்கும் இலவசம். சின்னவன் இரண்டு தரம் வரிசையில் நின்றான். மூன்றாம் தரம் வேண்டாம் என்றான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

102.8. பனடோல் மட்டும்.

ஜூன் 12, வியாழன்

டெங்கு. காலையில் இரத்தம் குத்தினோம், பின்னேரம் பொசிட்டிவ் என்று வந்தது. தனியார் லாபில் அந்த ஒரு கடதாசிக்குக் கொடுத்த காசை இங்கே எழுத மனமில்லை.

இன்றிலிருந்து கரண்ட் 15 வீதம் கூட. ஜனவரியில் 20 வீதம் குறைத்தபோது மீதியைத் தனியாக எடுத்து வைப்போம் என்று பெரிதாகத் திட்டம் போட்டது நான்தான். ஃபேன் இரவு பகலாக அவன் தலைமாட்டில் ஓடுகிறது, ஓடட்டும்.

மாமி பப்பாசி இலை தேடிப் போயிருக்கிறார். இந்த ஒழுங்கையில் மரமா இருக்கிறது, எல்லாம் கொங்கிரீட்.

ஜூன் 13, வெள்ளி

இரத்தத்தில் பிளேட்லெட் 168,000.

ஜூன் 14, சனி

124,000. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கீழே வந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் நேற்றே சொல்லியிருந்தார். த்ரீவீலில் பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் மழை, ஓலைபோல ஆடுகிற பிளாஸ்டிக் படுதாவை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டது. மாமிக்குச் சந்தோசம். எனக்கு நெஞ்சு அடைக்கிறது, காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 81,000.

கொடுக்கிறதெல்லாம் அளவு. மணித்தியாலத்துக்கு இத்தனை மில்லிலீட்டர், தம்பிலி இளநீரோ ஜீவனிக் கரைசலோ எதுவானாலும் கோப்பையில் அளந்துதான். சிவப்பு, மண்ணிறக் குடிவகை கூடாது, வாந்தி எடுத்தால் இரத்தமா என்று தெரியாமல் போய்விடும். போகிறதும் அளவு, சிறுநீரை அளந்து கடதாசியில் எழுத வேண்டும். கடைக் கணக்கை இத்தனை ஒழுங்காக நான் எழுதியதில்லை. நுளம்பு வலைக்குள் படுத்துக்கொண்டு, தான் பெட்டிக்குள் இருக்கிற பொம்மை என்று பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூன் 16, திங்கள்

52,000.

இரவு அந்த பாத்டப் ஞாபகம் வந்தது. வந்ததற்கு வெட்கமாக இருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளை இப்படிக் கிடக்கிறான், என் மனம் பதினான்காம் மாடியில் வெந்நீர் பிடிக்கிறது. பிறகு யோசித்தேன், வேறு எங்கே போக அதற்கு?

இங்கே வந்ததிலிருந்து பில் என்று ஒன்றை யாரும் என் கையில் தரவில்லை. இவர் ஒவ்வொரு தரம் வரும்போதும் எங்கே கட்டுகிறது என்று கேட்கிறார், பழக்க தோசம். நேர்ஸ் மிஸ் சிரிக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

58,000. ஏறுகிறது! ஆறாயிரம்தான். ஏறுகிறது.

ஜூன் 18, புதன்

93,000. பாண் கேட்டான், சம்பலோடு.

பீ.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்தாராம். டெங்கு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்துவிடுவார்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள். பக்கத்தில் கட்டுகிற கட்டடம்தான் காரணம் என்று நான் ஒரு கிழமையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே முற்றத்தில் ஏழு பாத்டப் இறக்கி வைத்திருக்கிறார்கள், படிக்கட்டு ஜன்னலால் தெரியும், மழைத்தண்ணீர் நிற்காமல் இருக்குமா என்று. போய்ப் பார்த்திருக்கிறார். எல்லாம் கவிழ்த்து, பொலித்தீன் சுற்றி, சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.

நுளம்புப் புழு எங்கள் வீட்டில். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில். இப்படியொரு தட்டு இருக்கிறதென்றே பதினொரு வருசமாக எனக்குத் தெரியாது. மூத்தவள் கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், காற்புள்ளி மாதிரி நெளிந்துகொண்டு. நான் இன்னும் இவருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

வீடு. தட்டை மூன்று தரம் தேய்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றி.

ஜூன் 20, வெள்ளி

மேல் கழுவலாம் என்று சொன்னார்கள். நீலப் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அவனுக்கு இந்த ஆறு வயதில் அது போதவில்லை, முழங்கால் இரண்டும் வெளியே நிற்கிறது, விலா எலும்பு தெரிகிறது. "அம்மா, நீங்களும் வாங்கோ" என்றான். ஒரு காலை மட்டும் வைத்தேன்.

அங்கிள் கீழே இருந்து, பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததுதான் யோசனையாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

இன்று சீட்டு. பின்னேரம் ஐந்துக்கு.

ஜூன் 22, ஞாயிறு

தையல்கார அக்காவுக்கு. அடுத்த மாதம் எனக்குத்தான், வேறு ஆளில்லை. ஆனால் ஜூலை முதலாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான், அங்கிளிடம் இவரை அனுப்புவதா, நானே போவதா, போனால் சின்னவனையும் கூட்டிக்கொண்டு